கையில் மிஞ்சிய அட்டை

மதரஸாவில் ஓதி, அரபியும் தமிழும் கற்பித்து ஐம்பது வயதைக் கடந்துவிட்ட ஒருவர் சிறுவர் ஆடும் சீட்டாட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் வாசகர் வியப்பது இயல்பே. ஈராண்டுகளுக்கு முன்பாயின் நாமும் வியந்திருப்போம். 'சீட்டு' என்ற சொல் காதில் விழுந்ததும் 'சூது' என்ற சொல்லும் உடன் வந்து நிற்கும் வீட்டில் வளர்ந்தவர் நாம். அவ்விரண்டுக்கும் இடையே ஒரு கோடு உண்டு என்பதைக் கிதாபுகளில் ஓதியிருந்தோம். அக்கோடு நம் வீட்டுக் கூடத்திலேயே எங்கே ஓடுகிறது என்பதைக் காண நம் மருமகன் காரணமானான்.

மலை தெரியாத தெரு திருவண்ணாமலையில் இல்லை. நம் வீட்டு மாடியில் நின்றால் ஒருபுறம் அண்ணாமலையார் கோயில் கோபுரங்களும் மறுபுறம் பள்ளிவாசல் மினாராவும், இரண்டிற்கும் பின்னால் அந்தச் செம்மண் மலையும் தெரியும். கணவரை இழந்த நம் தங்கை, தையல் வேலை செய்து தன் ஒரே மகனை வளர்த்து வருகிறாள். அவர்கள் இருவரும் நம் வீட்டு மாடியிலேயே குடியிருக்கிறார்கள். பையன் அப்போது பதினொன்றாம் வகுப்பில் இருந்தான். கணக்குப் பாடத்திற்குத் தனிவகுப்பு செல்பவன்.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் தங்கை கீழே இறங்கி வந்தாள். தனிவகுப்புக் கட்டணமாக அவள் கொடுத்தனுப்பிய 1,500 ரூபாயில் ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தது 500 மட்டுமே. மீதி 1,000 ரூபாய் எங்கே என்று கேட்டதற்கு மகன் வாய் திறக்கவில்லை. "அண்ணே, நீங்களே கேளுங்க. நான் கேட்டா அழுதுடுவேன்" என்றாள். அவள் கைவிரல் நுனிகளில் ஊசி குத்திய தழும்புகள் நம் கண்ணில் பட்டன. அந்த ஆயிரம் ரூபாய் எத்தனை ரவிக்கைகளின் கூலி என்பதை மனம் தானாகவே கணக்கிட்டது.

பையனை அழைத்தோம். மறுப்பேதும் சொல்லாமல் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து நம் முன் வைத்தான். உள்ளே வண்ணப் படங்கள் அச்சிட்ட சீட்டுகள் நானூறுக்குக் குறையாமல் இருந்தன. வீரர்கள், விலங்குகள், இடி, நெருப்பு, காடு, மலை என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம். அதன் கீழே பொடி எழுத்தில் ஆங்கில வாசகம். "இது காசு வெச்சு ஆடுற சீட்டு இல்ல மாமா" என்றான் முதலில். பின்பு குரலைத் தாழ்த்தி, "ஆனா காசு போயிடுச்சு" என்றான். அவன் சொன்ன இரண்டும் உண்மை என்பது பின்னர் விளங்கிற்று.

சீட்டுகள் வந்த வழி இவ்வூருக்கே உரியது. ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வெளிநாட்டார் பலர் மாதக்கணக்கில் தங்குவர். அவ்வாறு வந்த ஒரு குடும்பத்துப் பையனும் நம் மருமகனும் பந்தடிக்கும் இடத்தில் நண்பர்களானார்கள். ஊர் திரும்பும்போது அந்தப் பையன் தன்னிடம் மிகுந்திருந்த சீட்டுகளை இவனிடம் கொடுத்துச் சென்றான். இவனும் இரு நண்பர்களும் அவற்றைப் பங்கிட்டு ஆடக் கற்றனர். வேலூரில் கல்லூரியில் படிக்கும் எதிர்வீட்டு இளைஞர் ஒருவரும் விடுமுறையில் வந்து ஆடுவாராம். அவரிடம் இருப்பதோ விலையுயர்ந்த கட்டு. அவரிடம் தோற்றுத் தோற்று மனம் வெதும்பியவன், புதிய பொட்டலங்கள் இரண்டை அஞ்சலில் வரவழைத்தான். ஒன்றின் விலை 500 ரூபாயை ஒட்டியது. 'பூஸ்டர்' எனப்படும் அப்பொட்டலத்தில் 14 சீட்டுகள் இருக்கும். எவை இருக்கும் என்பது பிரித்த பின்னரே தெரியும். இவன் பிரித்தான், தன் கட்டில் சேர்க்கத் தகுந்த சீட்டு ஒன்றுகூட வரவில்லை.

இவ்வாட்டத்தின் பெயர் 'மேஜிக்: தி கேதரிங்'. கணித அறிஞரான ரிச்சர்டு கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கர் இதனை அமைத்தார். 1993ஆம் ஆண்டில் வெளிவந்தது. சேகரித்து மாற்றிக்கொள்ளும் சீட்டுகளைக் கொண்டே ஆடும் ஆட்டங்களுக்கு இதுவே முன்னோடி. நாம் அறிந்த சீட்டாட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கட்டு. இதிலோ ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கட்டைத் தொகுத்துக்கொண்டு வந்து எதிராளியைச் சந்திக்கின்றனர். கட்டில் 60 சீட்டுகளாவது இருத்தல் வேண்டும். அடிப்படை நிலச் சீட்டுகளைத் தவிர எந்தச் சீட்டும் நான்கு படிகளுக்கு மேல் கூடாது. ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப்புள்ளிகள். முதலில் ஏழு சீட்டுகள் கைக்கு வரும், பிறகு முறைக்கொன்று. எதிராளியின் இருபதைச் சுழியாக்கியவர் வென்றவர். ஆகவே ஆட்டத்தின் பாதி, ஆட உட்காருவதற்கு முன்பே, கட்டைத் தொகுக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது.

அபூர்வமான சீட்டுகளுக்கு உலகச் சந்தையில் விலை உண்டு. 1993இல் அச்சான 'பிளாக் லோட்டஸ்' என்னும் ஒரேயொரு சீட்டு 2021இல் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. இதைக் கேட்டபோது நமக்குத் தூக்கிவாரிப்போட்டது. தையல்காரியின் மகன் நுழையக்கூடிய களமா இது?

மார்க்கக் கல்வி கற்றவர் என்ற முறையில் நம் உள்ளத்தில் எழுந்த கேள்விகள் இரண்டு. ஒன்று, பணயம். இரு தரப்பும் பொருள் வைத்து, வென்றவர் எடுத்துக்கொள்வதே 'கிமார்' என்னும் சூது. இவ்வாட்டத்தின் முதல் விதிகளில் அதுவும் இருந்தது என்றறிந்து திடுக்கிட்டோம். 1993இல் ஆளுக்கொரு சீட்டைப் பணயமாக ஒதுக்கி வைத்து, வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்ளும் முறை ஆட்டத்தோடு பிறந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. பணயத்தைப் பற்றிப் பேசும் சீட்டுகளே போட்டிகளில் விலக்கப்பட்டுவிட்டன. ஆட்டத்தை ஆக்கியவர்களே அக்கறையைக் கழுவிவிட்டனர். இதே இனத்தைச் சேர்ந்த போக்கிமான் சீட்டுகளை 2001இல் சவூதி அரேபிய உலமாக்கள் தடை செய்தபோதும், சூதின் சாயல் என்பதே அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று.

மற்றது, அந்தப் பொட்டலம். வாங்குபவருக்கு இன்னது கிடைக்கும் என்று தெரியாத வாணிபத்தை ஃபிக்ஹு நூல்கள் 'கரர்' என்கின்றன. நீரிலுள்ள மீனையும் வானத்துப் பறவையையும் விற்பது அதற்குச் சொல்லப்படும் எடுத்துக்காட்டுகள். உறை பிரிக்காத அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துப் பார்த்தபோது, முப்பது ஆண்டுகளாக நாம் ஓதிக்கொடுத்த மீன் வழவழப்பான தாளுக்குள் நீந்துவதுபோல் இருந்தது. நண்பரான ஆலிம் ஒருவர், "பதினான்கு சீட்டுகள் நிச்சயமாகக் கிடைக்கின்றனவே, பொருள் இல்லாத வாணிபம் அன்றே?" என்று வாதிட்டார். அவர் வாதத்தில் நியாயம் உண்டு. நாம் முஃப்தியும் அல்லோம்; தீர்ப்பு வழங்க வரவும் இல்லை. ஆயினும் நம் மருமகன் வாங்கியது பதினான்கு சீட்டுகளை அன்று. வரக்கூடும் என்று எண்ணிய அந்த ஒரு சீட்டை. அவன் காசு போன வழி அதுதான்.

பெட்டியை அடுப்பில் போட்டுவிட்டால் காரியம் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். கை அதற்குத் துணியவும் செய்தது. அதைத் தடுத்து நிறுத்தியது ஒரு பழைய நினைவு.

1980ஐ ஒட்டிய ஆண்டுகளில், நாம் மதரஸாவில் தங்கி ஓதிய பருவத்தில், சிறுவர்களிடையே தீப்பெட்டிப் படம் சேர்க்கும் வழக்கம் இருந்தது. சிவகாசி, கோவில்பட்டிப் பக்கங்களிலிருந்து வரும் தீப்பெட்டிகளின் மேலட்டையைக் கிழித்துச் சேர்ப்போம். மயில், புலி, விமானம், கப்பல் என்று எத்தனை விதம்! தரையில் வட்டம் போட்டு, படங்களை நடுவில் அடுக்கி, தூரத்தில் நின்று சில்லுக் கல்லால் அடிப்போம். வட்டத்தைவிட்டு வெளியே விழுந்தவை அடித்தவனுக்குச் சொந்தம். அது பணயம் என்பது எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் உஸ்தாத் எங்கள் சேமிப்பைக் கண்டார். ஒரு சொல்லும் சொல்லாமல் அள்ளிக்கொண்டுபோய் மடைப்பள்ளி அடுப்பில் போட்டார். அவர் செய்தது எங்கள் நன்மைக்கே. ஆனால் நாங்கள் கற்றுக்கொண்டது சூது தீது என்பதை அன்று. படங்களை வேறிடத்தில் ஒளித்து வைக்க வேண்டும் என்பதைத்தான். சூதுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள வேற்றுமையை அன்று யாரேனும் கால்நாழிகை உட்கார்ந்து விளக்கியிருந்தால், ஒளித்து வைக்கும் கலையில் நாம் அவ்வளவு தேர்ச்சி பெற்றிருக்க மாட்டோம்.

ஆகவே மருமகனுக்கு நான்கு நிபந்தனைகள் விதித்தோம். தாயின் 1,000 ரூபாயை உழைத்துத் திருப்பித்தர வேண்டும். உறையிட்ட பொட்டலம் இனி வாங்கக் கூடாது. எதையும் பணயம் வைத்து ஆடக் கூடாது, சீட்டையும்தான். தொழுகை நேரமும் பாட நேரமும் ஆட்டத்திற்கு இரையாகக் கூடாது. நான்கையும் ஏற்றான். பௌர்ணமி இரவுகளில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளம் இரவெல்லாம் நடக்கும் அல்லவா? நமக்குத் தெரிந்தவரின் தேநீர்க்கடை ஒன்று அப்பாதையில் உள்ளது. மூன்று பௌர்ணமிகள் அங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று கணக்கெழுதினான். தாயின் ஆயிரம் திரும்பிற்று. மேலும் சில நூறு ரூபாய் அவன் கையில் தங்கிற்று.

"இதைக் கொண்டு என் கட்டைச் சீர்திருத்தலாமா மாமா?" என்று கேட்டான். அன்றிரவு இஷாவுக்குப் பின் கூடத்தில் பாய் விரித்து, பெட்டியைக் கவிழ்த்தோம். மாணவன் அவனல்லன், நாமே.

ஆட்டம் கற்கத் தொடங்கியதும் நம் தமிழ் நெஞ்சம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு என இதில் அடிப்படை நிலங்கள் ஐந்து. எந்தச் செயலுக்கும் 'மானா' என்னும் ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் நிலத்திலிருந்தே பிறக்கும். முறைக்கொரு நிலத்தையே களத்தில் இறக்கலாம். முதற்பொருள் நிலமும் பொழுதும் என்று தொல்காப்பியத்தில் பாடம் சொல்லிய நமக்கு, அமெரிக்கக் கணித அறிஞரின் ஆட்டத்தில் நிலமும் முறையும் முதற்பொருளாய் நிற்பது இன்பம் தந்தது. சதுப்பு நிலத்தைப் பாலையோடு பொருத்த நாம் செய்த முயற்சி மட்டும் பலிக்கவில்லை. மலையிலிருந்து பிறப்பது செந்நிற ஆற்றல். அதன் இயல்பு நெருப்பு. கார்த்திகைதோறும் மலையுச்சியில் தீபம் ஏற்றும் ஊரில் வளர்ந்த பையன் மலையையும் நெருப்பையும் தேர்ந்ததில் வியப்பில்லை.

அவனுடைய அப்போதைய கட்டில் 80 சீட்டுகள் இருந்தன. சிவப்பும் பச்சையும் கலந்திருந்தன. பிடித்ததையெல்லாம் சேர்த்திருந்தான். 'அதிகம் இருந்தால் வலிமைதானே' என்பது அவன் எண்ணம். நமக்கும் அதுவே தோன்றிற்று. அவனுடைய கணக்கு நோட்டில் இருவரும் கணக்கிட்டுப் பார்த்தோம். ஒரு நல்ல சீட்டின் நான்கு படிகளை 60 சீட்டுகளில் வைத்தால், முதல் ஏழு சீட்டுகளில் ஒரு படியேனும் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 40. அதே நான்கை 80 சீட்டுகளில் கலந்தால் வாய்ப்பு 31ஆகக் குறைகிறது. சேர்த்த இருபதும் வலிமை கூட்டவில்லை. இருந்த நல்லவற்றை மறைக்கும் திரையாகவே நின்றன. தனிவகுப்பில் விளங்காத கணக்கு அன்று பாயில் அமர்ந்தபடி அவனுக்கு விளங்கிற்று.

சிக்கனமாய் ஆடுவோருக்கென்றே இவ்வாட்டத்தில் ஒரு முறை உண்டு. பெயர் 'பாப்பர்', ஏழை என்று பொருள். எளிதில் கிடைக்கும் பொதுத்தரச் சீட்டுகளை மட்டுமே அதில் பயன்படுத்தலாம். கணினி வழி ஆட்டத்தில் முன்பே வழங்கிவந்த இம்முறைக்கு 2019இல் தாளில் அச்சான சீட்டுகளுக்கும் அதிகாரப்பூர்வ ஏற்பு கிடைத்தது. பணம் படைத்தவரும் ஏழையின் எல்லைக்குள் வந்தே ஆட வேண்டும். வேலூர் இளைஞரும் இதற்கு இசைந்தார். உலகெங்கும் சிக்கனக்காரர்கள் ஒருவருக்கொருவர் கூறும் முதல் அறிவுரை என்ன தெரியுமா? பொட்டலம் வாங்காதே, வேண்டிய சீட்டைத் தனியே, விலை அறிந்து வாங்கு என்பதே. பொருளையும் விலையையும் அறிந்து வாங்கு என்னும் ஃபிக்ஹு நூலின் பாடத்தை அவர்கள் நட்டப்பட்டுக் கற்றிருக்கிறார்கள்.

பாப்பர் விதியால் முதலில் வெளியேற வேண்டியது 'ஷிவன் டிராகன்'. இவ்வூரில் அப்பெயர் எவரையும் திரும்பிப் பார்க்க வைக்கும். ஆனால் ஷிவ் என்பது அக்கதையில் வரும் ஒரு கற்பனை நாடு. நெருப்பு உமிழும் அந்தப் பறக்கும் நாகம் பொதுத்தரச் சீட்டு அன்று. அதனை இறக்க ஆறு மானா வேண்டும். ஆறு நிலங்கள் சேர்வதற்குள் இவன் ஆட்டம் பெரும்பாலும் முடிந்துவிடும். விதி இல்லாவிடினும் விலக்கத்தக்கதே. ஆனால் பையன் கை நகரவில்லை. ஊர் திரும்பிய நண்பன், மற்றவற்றையெல்லாம் பெட்டியோடு கொடுத்தவன், இதனை மட்டும் தனியே எடுத்துக் கையில் வைத்துச் சென்றானாம். நாம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அந்தச் சீட்டு நம் மேசைமேல் இருந்தது. "உங்க கிதாபுக்குள்ள வைங்க மாமா. கட்டுல வேணாம்" என்றான். விலக்குவது என்பது எறிவது அன்று, அதற்குரிய இடத்தில் வைப்பது என்பதை அவனாகவே கண்டுகொண்டான்.

பின்பு தொடங்கியது நீண்ட சீர்திருத்தம். இதற்கு நாம் வகுத்த முறை எளியது. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும், தோற்றிருந்தால், நோட்டில் ஒரே கேள்விக்கு விடை எழுத வேண்டும்: தோற்றபோது கையில் மிஞ்சியிருந்தவை எவை? பத்து ஆட்டங்களுக்குப் பின், மீண்டும் மீண்டும் கையில் மிஞ்சிய சீட்டுகளில் இரண்டை மட்டும் மாற்ற வேண்டும். ஒரேயடியாகப் பத்தை மாற்றினால் நன்மை எதனால் விளைந்தது, தீமை எதனால் விளைந்தது என்பது தெரியாமற் போகும். படம் அழகாயிருக்கிறது, ஒருமுறை இதனால் வென்றேன் என்பனவெல்லாம் நோட்டில் இடம்பெறாச் சான்றுகள்.

நாமும் ஒரு பிழை செய்தோம். நிலச் சீட்டு தானாக யாரையும் தாக்குவதில்லையே, பிறகு ஏன் இத்தனை என்று கேட்டு, அதனைப் பதினான்காகக் குறைக்கச் சொன்னோம். அம்மானின் சொல்லைத் தட்டாமல் குறைத்தான். தொடர்ந்து தோற்றான். கை நிறைய நெருப்பு. மூட்டுவதற்கு மலை இல்லை. பின்னர் கணக்கிட்டால், 60இல் 14 நிலம் வைத்தவருக்கு ஏறத்தாழப் பாதி ஆட்டங்களில் முதல் ஏழு சீட்டுகளுள் ஒரு நிலமோ, அதுவும் இன்றியோதான் வரும். இருபத்துநான்காக உயர்த்தினோம், இப்போது ஆட்டத்தின் பிற்பாதியில் நிலங்களே மிஞ்சின. முடிவில் இருபதில் வந்து நின்றது. அதில் அந்த இடர் நான்கு ஆட்டங்களுக்கு ஒன்றாகச் சுருங்குகிறது. சீட்டுகள் பெரும்பாலும் ஒரு மானா விலையுடையவை என்பதால் மிகையும் இல்லை. நூற்குற்றம் பத்தில் குன்றக் கூறல், மிகைபடக் கூறல் ஆகிய இரண்டையும் நன்னூலார் அடுத்தடுத்து வைத்தது ஏன் என்பது, இருபத்தைந்து ஆண்டுகள் பாடம் சொல்லிய பின் அன்றுதான் நமக்கு உறைத்தது. ஒன்றிலிருந்து தப்ப ஓடுபவன் மற்றதில் விழுகிறான்.

ஐந்து மாதங்களில் கட்டு உருவெடுத்தது. பச்சை முழுவதும் போயிற்று. 'லைட்னிங் போல்ட்' நான்கு, 'லாவா ஸ்பைக்' நான்கு. இரண்டும் ஒரு மானாவுக்கு எதிராளியின் மூன்று உயிர்ப்புள்ளிகளை எரிப்பவை. இவற்றைப் போன்றவை ஏழு விழுந்தால் இருபத்தொன்று, இருபது தீர்ந்தது. இரண்டாவதாக ஆடுபவர் நான்காம் முறையில் மொத்தம் 11 சீட்டுகளைப் பார்த்திருப்பார். மூன்றில் ஒரு பங்கு நிலமானால், நெருப்பு ஏழு இருக்கும். இந்த ஒரு வரிக் கணக்குத்தான் கட்டின் உயிர். 'ஃபயர்பிளாஸ்ட்' இரண்டு மட்டுமே வாங்க முடிந்தது. அதன் விலை ஆறு மானா. ஆனால் தன் மலைகள் இரண்டைத் தியாகம் செய்பவர் ஒரு மானாவும் இல்லாமலே அதை எய்து நான்கு புள்ளிகளை எரிக்கலாம். உரிய நேரத்தில் சொந்த நிலத்தை விட்டுக்கொடுப்பவனே வெல்கிறான் என்று பையன் அதை விளக்கியபோது நமக்குப் பேச்சு வரவில்லை. வாங்கிய தனிச் சீட்டுகளுக்கெல்லாம் சேர்த்துச் செலவு 900 ரூபாய். காற்றில் போன இரண்டு பொட்டலங்களின் விலையைவிட அது குறைவு.

இடையில், சீட்டு நமக்கு அந்நியமோ என்று தேடியும் பார்த்தோம். எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் காலத்துச் சீட்டுக்கட்டு ஒன்று இஸ்தான்புல் தோப்காப்பி அரும்பொருளகத்தில் உள்ளது. கிண்ணம், நாணயம், வாள், போலோக் கோல் என நான்கு இனங்கள். உருவப்படம் இல்லாமல் மலிக், நாயிப் எனப் பதவிப் பெயர்கள் மட்டுமே எழுதியிருக்கும். பேரரசர் பாபர் 1527இல் சிந்துநாட்டு ஷா ஹஸனுக்குக் கஞ்சீஃபாச் சீட்டுகளை அனுப்பியதைத் தம் வரலாற்றில் குறித்துள்ளார். அரசர் ஆடியதால் ஆகுமென்று நாம் வாதிடவில்லை. சீட்டில் இல்லை தீமை; அதனோடு நாம் எதைக் கட்டுகிறோம் என்பதில் இருக்கிறது என்பதற்காகவே கூறினோம்.

பெருநாள் விடுமுறையில் வேலூர் இளைஞர் வந்தார். நம் வீட்டுக் கூடத்திலேயே மூன்று ஆட்டங்கள். முதலாவதில் பையன் வென்றான். இரண்டாவதில் தோற்றான். மூன்றாவதில் எதிராளிக்கு இரண்டே புள்ளிகள் எஞ்சியிருந்தபோது இவன் சாய்ந்தான். தங்கை மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் கலங்குவான் என்று எண்ணினோம். அவனோ கையிலிருந்த சீட்டுகளைப் பாயில் விரித்துவைத்து நோட்டைத் திறந்தான். மிஞ்சியவை இரண்டும் நிலங்களே. "பத்தொன்பது போதுமோ மாமா?" என்றான். ஆயிரம் ரூபாயை ஒளித்தவன் தன் தோல்வியை ஒளிக்காமல் எல்லோர் முன்னும் எண்ணிக் காட்டுகிறான். நமக்கு அதுவே போதுமான வெற்றியாயிற்று. அன்றிரவு தங்கை அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஆனால் சீட்டுகளை வைத்துக்கொள்ளத் துண்டுத்துணியில் ஒரு சிறு பை தைத்துக் கொடுத்தாள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அறிவுரை கூறிய பெருமை நமக்கு எஞ்சியிருக்கும். முடியவில்லை. தமிழ் மாணவர்க்கென அரபி இலக்கண நூல் ஒன்றைப் பன்னிரண்டு ஆண்டுகளாக நாம் எழுதி வருகிறோம். கையெழுத்துப்படி 312 பக்கங்கள். ஒவ்வோராண்டும் அதைக்கொண்டே பாடம் நடத்துகிறோம். ஒரு மாணவரும் அதனை முடித்ததில்லை. குறை மாணவரிடம் என்றே நம்பியிருந்தோம். ஒருநாள் அந்தப் படியைப் புரட்டிக்கொண்டிருந்த மருமகன், எந்த உள்நோக்கமும் இன்றிக் கேட்டான்: "வருஷம் முடியிறப்ப எந்தப் பக்கமெல்லாம் மிஞ்சுது மாமா?"

இப்னு மாலிக்கின் அல்ஃபிய்யாவை ஓதாத ஆலிம் அரியர். 1274இல் திமிஷ்கில் மறைந்த அப்பெரியார் முதலில் 2,700க்கு மேற்பட்ட அடிகளில் ஒரு நூலை யாத்தார். பிறகு தாமே அதனை ஏறத்தாழ ஆயிரமாகச் சுருக்கினார். உலகம் ஓதுவது அந்தச் சுருக்கத்தையே. அதன் மற்றொரு பெயர் 'குலாஸா', அதாவது சாரம். இதை மாணவர்க்கு ஆண்டுதோறும் சொல்லி வந்த நாம், 312 பக்கங்களில் ஒன்றையேனும் விலக்கத் துணியவில்லை. எல்லாம் பிடித்த பக்கங்கள், எல்லாம் டிராகன்கள்!

இப்போது நோட்டு ஒன்று நம் மேசையிலும் இருக்கிறது. மாணவர் எந்தப் பக்கத்தில் தடுமாறினர், எதை ஓதாமலே தேர்வு எழுதித் தேறினர் என்று குறித்து வருகிறோம். பருவத்துக்கு இரண்டு பாடங்கள் மட்டுமே மாற்றுகிறோம். 312 இன்று 180 ஆகியிருக்கிறது. சென்ற ஆண்டு நான்கு மாணவர்கள் கடைசிப் பக்கத்தைத் தொட்டனர். விலக்கிய பக்கங்களை எறிந்துவிடவில்லை. அலமாரியின் மேல்தட்டில் ஒரு துணியில் கட்டி வைத்திருக்கிறோம். அவற்றின் நடுவே அடையாளமாக அந்த ஷிவன் டிராகனும் இருக்கிறது.